மேற்கே ஒரு குரல், வடக்கே ஒரு விசில்

ஒரு பக்கமாகக் கூர்ந்து கேட்கும் திசை ஏரியலை முதன்முதலாகத் திருப்பிப் பார்க்கிறவன் முகத்தில் ஒரு அசட்டுச் சிரிப்பு வரும். போன வாரம் வயர்லெஸ் பயிற்சியில் உங்கள் முகங்களிலும் வந்ததாகச் சொன்னார்கள். தப்பில்லை. எனக்கும் வந்தது, என்னுடையது இன்னும் அசடாக இருந்திருக்கும். அந்தச் சிரிப்பு எப்போது போயிற்று என்பதைத்தான் எழுதித் தருகிறேன். உங்கள் பிரிவுத் தலைவர் என்னிடம் கேட்டது உற்சாகம் தரும் அனுபவங்கள். அதற்கு வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளட்டும்.

நான் கல்கத்தாவில், அலிப்பூரில் ஒரு அரசு அலுவலகத்தின் வயர்லெஸ் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பகலில் சர்க்கார் செட்டுகளைப் பழுது பார்ப்பேன். வீட்டுக்கு வந்தால் அமெச்சூர் ரேடியோ, அதாவது சொந்த லைசென்ஸ், சொந்த செட், சொந்தச் செலவில் பைத்தியம். லேக் மார்க்கெட் பக்கம் வாடகை வீடு, கடைசி மாடி. என் அப்பா பிழைப்புத் தேடி வந்த நாளிலிருந்து எங்களுக்கு அந்த வட்டாரம்தான். வீட்டில் தமிழ், தெருவில் வங்காளி, ஆபீசில் இங்கிலீஷ், செட்டில் உட்கார்ந்தால் மூன்றும் கலந்து.

அதுவரை என் மொட்டை மாடியில் இருந்தது செங்குத்தாக ஒரு கம்பி. அது எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி கேட்கும், அதாவது எல்லாத் திசையிலும் மோசமாகக் கேட்கும். எழுபதுகளின் பிற்பாதியில் ஒரு மழைக்காலக் கடைசியில்தான் திசை ஏரியல் கட்டினேன். சாந்தினி சந்தையில் வாங்கிய அலுமினியக் குழாய்கள், ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நீண்டு சுருங்குகிறவை. நீளத்தைக் கூட்டிக் குறைத்து எங்கள் அலைவரிசைக்குப் பொருத்திக்கொண்டேன். கம்பத்துக்கு மூங்கில். துர்கா பூஜைப் பந்தலுக்காகத் தெருவில் மூங்கில் வந்து இறங்கியிருந்தது. பந்தல்காரர்களில் இருவரைக் கெஞ்சி மேலே அழைத்துவந்து நிறுத்தச் செய்தேன். அடியில் ஒரு பழைய சைக்கிள் பேரிங். இடுப்பு உயரத்தில் குறுக்கே ஒரு கட்டை. கட்டையைத் தள்ளினால் கம்பம் முழுக்கச் சுற்றும். எந்தப் பக்கம் எந்த ஊர் என்று கைப்பிடிச் சுவரில் பெயின்டால் குறித்து வைத்தேன். இன்றைக்கு நீங்கள் ஒரு பட்டனை அழுத்தினால் மோட்டார் திருப்புகிறது. எங்கள் வீட்டில் மோட்டார் என் மனைவி.

அவள் மாடியில் கட்டையைப் பிடித்துக்கொள்வாள். நான் படிக்கட்டுக்குக் கீழே இருந்த அறையில் செட்டின் முன்னால் உட்கார்ந்து கத்துவேன்.

"இன்னும் கொஞ்சம்! இன்னும்! போறும், போறும்! தாண்டிட்டே!"

"வேணும்னா நீங்க வந்து தள்ளுங்கோ, நான் கீழ உக்காந்து கத்தறேன்" என்பாள். அந்த விஷயத்தில் நியாயம் அவள் பக்கம்தான்.

முதல் நாள் டம்டம்மில் இருக்கும் ஒரு நண்பரைத்தான் கூப்பிட்டேன். பழைய கம்பியில் அவர் குரல் எப்போதும் இரைச்சலுக்குள் முக்கி முனகிக்கொண்டு வரும். அன்று அவள் கட்டையைத் தள்ளத் தள்ள அந்த மனிதர் கிளம்பி நடந்து என் அறைக்குள்ளேயே வந்துவிட்டார். அவர் வீட்டில் யாரோ பாத்திரம் கழுவுவது கேட்டது. இன்னும் தள்ளினால் போய்விட்டார். திரும்பக் கொண்டுவந்தால் வந்தார். குழந்தைகள் விளக்கை அணைத்துப் போட்டு விளையாடுகிற மாதிரி நானும் அவளும் அவரை வரவழைத்தும் அனுப்பியும் விளையாடினோம். அவர் வந்ததை மட்டும்தான் அன்று கவனித்தேன். ஏரியல் ஒரு பக்கம் காது கொடுத்தால் அதன் பக்கவாட்டில் இருக்கிறவனுக்குச் சுத்தச் செவிடு என்பதும் அந்த விளையாட்டிலேயே இருந்தது. அது எனக்கு உறைக்கவில்லை.

பிறகு மழை பிடித்தது. இந்த ஊர் மழைக்குப் பயந்ததில்லை, ஆனால் அந்தத் தடவை விட்ட பாடில்லை. லேக் மார்க்கெட் கடைகளுக்குள் தண்ணீர் புகுந்து அரிசி மூட்டைகள் ஊறின. பந்தல் மூங்கில்கள் தெருவில் மிதந்தன. அதுகூடப் பரவாயில்லை என்னும்படி மாவட்டங்களிலிருந்து சேதி வந்தது. அணைகளில் தண்ணீர் திறந்தார்கள், கரைகள் உடைந்தன, மேற்கே ரூப்நாராயண் ஆற்றுப் பக்கம் கிராமம் கிராமமாகப் போயிற்று. எங்கள் அலுவலகத்தில் ஜெனரேட்டர் அறை மூழ்கியதால் சர்க்கார் வயர்லெஸ் ஊமையாகிவிட்டது. அமெச்சூர்கள் சிலர் பேட்டரி செட்டுகளோடு வெள்ளப் பகுதிகளுக்குக் கிளம்பினோம். கிளம்பினார்கள் என்று சொல்ல வேண்டும். கல்கத்தாவிலிருந்தபடி அவர்களைக் கேட்டுக்கொள்ளும் வேலை என் தலையில் விழுந்தது, ஏனென்றால் திசை ஏரியல் என்னிடம்தான் இருந்தது. நிவாரணப் பிரிவின் அதிகாரி ஒருவர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து என் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். ஐம்பதைத் தாண்டிய வங்காளி, அதிகம் பேசமாட்டார். கீழ் வீட்டு டெலிபோன் மட்டும் எப்படியோ உயிரோடு இருந்தது. நான் கேட்டுச் சொல்வதை அவர் கீழே இறங்கிப் போய் டெலிபோனில் சொல்லுவார்.

ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது. எங்கள் செட்டுகள் கையால் கட்டியவை. எல்லாவற்றிலும் ஒரே கிரிஸ்டல், அதனால் ஒரே அலைவரிசை. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். பேசுவதற்கு ஸ்விட்சை இந்தப் பக்கம், கேட்பதற்கு அந்தப் பக்கம். பேசுகிற பக்கம் இருக்கிறவனுக்கு எதுவும் காதில் விழாது.

மேற்கே போனவன் நிர்மல். எங்கள் கூட்டத்தில் வயதில் சின்னவன், பவானிபூரில் ஒரு கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். என்னைத் தாதா, அதாவது அண்ணா என்பான், என் மனைவியை போவ்தி, அதாவது அண்ணி என்பான். அவள் போடும் காப்பிக்காகவே ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான். அவன் சொந்த ஊர் அந்த ரூப்நாராயண் பக்கம்தான். அப்பாவும் அம்மாவும் அங்கே இருந்தார்கள். ஆனால் அவனை அனுப்பியது ஊருக்கு அல்ல, அங்கிருந்து நல்ல தூரத்தில் இருந்த ஒரு பள்ளிக்கூடத்துக்கு. மாடி வைத்த கட்டிடம் சுற்று வட்டாரத்தில் அது ஒன்றுதான் என்பதால் சனங்கள் அங்கே வந்து குவிந்திருந்தார்கள். போய்ச் சேர்ந்த அன்று, பள்ளிக்கூட மணியான தண்டவாளத் துண்டை மைக்குக்குப் பக்கத்தில் அடித்துக்காட்டி, "தாதா, வகுப்பு ஆரம்பிச்சாச்சு" என்றான். என் மனைவி மாடியிலிருந்து சிரித்தாள். சுவரில் பள்ளிக்கூடத்துக்காக ஒரு கோடு போட்டாள்.

இரண்டொரு நாள் போயிருக்கும். ஒரு காலை நிர்மல் கூப்பிட்டான். குரல் மெலிந்திருந்தது. கம்பத்தைக் கொஞ்சம் இப்படி அப்படி ஆட்டிப் பார்க்கச் சொன்னேன். கோட்டிலிருந்து தெற்கே ஏறக்குறைய ஒரு சாண் தள்ளியபோதுதான் குரல் பளிச்சென்று வந்தது. மழையில் மூங்கில் முறுக்கிக்கொண்டிருக்கும் என்று நினைத்தேன். புதுச் சாமானைப் பற்றி முதலில் அப்படித்தான் தோன்றும்.

நிர்மல் சொன்ன சேதி இது: பள்ளிக்கூடத்தில் எல்லாரும் நலம், தண்ணீர் வடிகிறது, படகு அங்கே வேண்டாம். அதைத் தெற்கே இன்ன கிராமத்துக்கு அனுப்புங்கள், அங்கே வீடுகள் விழுகின்றன, ஆட்கள் கூரைமேல் இருக்கிறார்கள்.

அந்தப் பக்கத்துக்கு இருந்தது ஒரே ஒரு மோட்டார் படகு. அது அன்று எங்கே போகிறது என்பது இந்த அறையில் முடிவாக வேண்டும். அதிகாரி எழுந்துவிட்டார். டெலிபோனுக்குப் போகப் படியில் கால் வைத்தவரை, "ஒரு நிமிஷம் சார்" என்று நிறுத்தினேன். அந்த ஒரு சாண் என்னை உறுத்தியது.

ஸ்பீக்கரைப் படிக்கட்டு வரை இழுத்து வைத்து, மனைவியைக் கீழே மைக்கின் முன்னால் உட்காரவைத்துவிட்டு, மாடிக்கு ஓடி நானே கட்டையைப் பிடித்தேன். முதலில் டம்டம்காரரைக் கூப்பிடச் சொல்லிப் பார்த்தேன். அவர் தன் கோட்டில் அச்சாக நின்றார். கம்பம் முறுக்கவில்லை. பிறகு நிர்மலைப் பேசச் சொல்லி, குரல் எங்கே ஓங்குகிறது என்று பார்க்காமல் எங்கே செத்துப்போகிறது என்று பார்த்தேன். ஓங்கும் இடம் அகலமானது, நம்மை ஏமாற்றும். சாகும் இடம் ஒடுக்கமானது, ஏமாற்றாது. இரண்டு பக்கமும் சாகும் இடத்தைக் குறித்து நடுவைப் பார்த்தேன், கோட்டிலிருந்து அதே ஒரு சாண். நிர்மல் பள்ளிக்கூடத்தில் இல்லை.

அவளை மறுபடி மாடிக்கு அனுப்பிவிட்டு நான் கீழே வந்தபோது அதிகாரி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னால் இரண்டு விதமாக நடந்திருக்க முடியும். சேதியை வந்தபடி கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. கட்டி ஒரு மாதம்கூட ஆகாத மூங்கில் கம்பத்தை நம்பி, என் வீட்டுக் காப்பி குடித்த பையனைப் பொய்யன் என்று நான் ஏன் சொல்ல வேண்டும்? ஆனால் அங்கே இல்லாதவன் அங்கே எல்லாரும் நலம் என்கிறான். அந்தப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறவர்களுக்கு வேறு வாய் இல்லை.

மைக்கை எடுத்தேன். "நிர்மல், பள்ளிக்கூட மணியை ஒரு தடவை அடி" என்றேன்.

ஸ்பீக்கரில் இரைச்சல் மட்டும் வந்தது. மணி வரவில்லை. பிறகு அவன் சொன்னான்.

"தாதா, அப்பா அம்மா கூரைமேல இருக்காங்க. ராத்திரி ஒரு நாட்டுப் படகு இந்தப் பக்கம் வந்தது, ஏறிட்டேன். வந்து பார்த்தா சுவர் ஒரு பக்கம் கரைஞ்சாச்சு. படகுக்காரன் நிக்கலை, போயிட்டான்."

"பள்ளிக்கூடம்?"

"நான் கிளம்பறப்ப நல்லாத்தான் இருந்தாங்க. மாடியில இருக்காங்க. இன்னும் ஒரு நாள் தாங்கும்னு நினைச்சேன்."

"தண்ணி வடியுதுன்னு சொன்னியே?"



அதிகாரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "படகு பள்ளிக்கூடத்துக்குப் போகும்" என்று மட்டும் சொன்னார். படியில் இறங்கப்போனவர் நின்று, "அவரிடம் இப்போது சொல்ல வேண்டாம். நம்பிக்கையில்லாமல் போனால் செட்டை விட்டுவிடுவார், அந்தப் பக்கத்துச் சேதி நமக்கு நின்றுபோகும்" என்றார்.

அவர் அயோக்கியர் அல்ல. அந்த வாரம் முழுக்க அப்படிப்பட்ட கணக்குகளைப் போட்டுத் தூங்காமல் இருந்தவர். ஆனால் எனக்குக் கோபம் வந்துவிட்டது. வராத படகைப் பார்த்துக்கொண்டு ஒருவனைக் கூரைமேல் உட்கார்த்தி வைப்பது என்னால் ஆகாது. "சார், அவன் என் தம்பி மாதிரி" என்றேன். அவர் படி இறங்கி டெலிபோனுக்குப் போனார். நான் மைக்கில் சொன்னேன்: "நிர்மல், படகு பள்ளிக்கூடத்துக்குத்தான் போகுது. உன் பக்கம் இன்னிக்கு வராது. வேற வழி இருந்தா இப்பவே பண்ணு."

நீங்களும் என்றைக்காவது இப்படிச் சொல்ல வேண்டி வரும். சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், சீக்கிரம் சொல்லுங்கள்.

"சரி" என்றான். குரலில் கோபம் இல்லை, எதுவுமே இல்லை. கொல்லையில் வாழைமரங்கள் இருக்கின்றன, தண்டுகளைக் கட்டித் தெப்பம் போடப்போகிறேன் என்றான். அந்தப் பக்கத்தில் வெள்ளத்துக்கு எல்லாரும் செய்வதுதான். போட்டு முடித்துவிட்டு மறுபடி வந்தான்.

"ரெண்டு பேரைத்தான் தாங்கும் தாதா. அப்பாவுக்கு மூச்சு இழுக்குது. அவரை முதல்ல கரைமேட்டுல விட்டுட்டு வந்து அம்மாவைக் கூட்டிப் போறேன். ஸ்விட்சைப் பேசற பக்கமே வச்சுட்டுப் போறேன். அம்மாவைப் பேசச் சொல்லியிருக்கேன், ஏதாவதுன்னா சொல்வாங்க. நீங்க கேட்டுக்கிட்டே இருங்க."

அப்படிச் செய்யாதே என்று சொல்ல மைக்கை எடுத்தேன். ஒரே அலைவரிசை, ஒருவன் ஸ்விட்சைத் திறந்தே வைத்தால் எல்லார் வாயும் அடைந்துபோகும். இதை அவன் எனக்குச் சமமாக அறிந்தவன், மற்றவர்களுக்கு வகுப்பெடுத்தவன். ஆனால் அவன் ஸ்விட்ச் அந்தப் பக்கம் போய்விட்டது. இனி நான் தொண்டை கிழியக் கத்தினாலும் அவனுக்குக் கேட்காது.

பிறகு அந்த அம்மாவின் குரல் வந்தது, என்னைப் பெற்ற பிள்ளை மாதிரி பாபா என்று அழைத்துக்கொண்டு. ஏரியல் நேராக அவள்மேல் இருந்தது. தகரக் கூரையில் மழை விழுவது, அவள் மூக்கை உறிஞ்சுவது, எல்லாம் கேட்டது. ஸ்பீக்கரைப் படிக்கட்டு வரை இழுத்து வைத்திருந்ததால் மாடியில் குடைக்குள் நின்ற என் மனைவிக்கும் கேட்டது.

"பாபா, கேக்கறியா? கேக்கறேன்னு பையன் சொன்னான். நீ பேசினா எனக்குக் கேக்காதாம். போகட்டும், நான் சொல்றேன். தெப்பம் கிளம்பிடுச்சு. அவர் படுத்திருக்கார். பையன் கழியை ஊனறான். மூங்கில் தோப்பு வரைக்கும் போயாச்சு."

கொஞ்ச நேரம் மழைச் சத்தம். பிறகு: "அவருக்குக் காலையிலேர்ந்து ஒண்ணும் குடுக்கலை. பொரி இருந்தது, நனைஞ்சுபோச்சு. கரைமேட்டுல யாராவது குடுப்பாங்க." மறுபடி: "உனக்குப் பிள்ளைங்க எத்தனை பாபா?"

கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாள். கேட்காது என்று தெரிந்தும் மரியாதைக்காகக் காத்திருந்தாள். எங்களுக்குக் குழந்தை இல்லை. மாடியில் என் மனைவி எங்கோ பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் அந்த விசில் கேட்டது. அம்மாவின் குரலுக்கு அடியில், மெல்லிசாக, ஏறி இறங்கி. இரண்டு பேர் ஒரே அலைவரிசையில் ஒரே சமயத்தில் பேசினால் அப்படி ஒரு விசில் வரும். உங்கள் புது செட்டுகளில் அது வராது, அதனால் யார் எதை மூடிவிட்டார்கள் என்பதே உங்களுக்குத் தெரியாமல் போகும். இன்னொருவர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பேச்சு ஒரு எழுத்துக்கூடப் புரியவில்லை. நிற்கும், மறுபடி வரும், நிற்கும், மறுபடி வரும். பதில் வரவில்லை என்றாலும் விடாமல் கூப்பிடுகிறவர்.

எங்கள் ஆட்களில் பாக்கி இருந்தது வடக்கே கங்கைக் கரையில் ஒரு சின்ன ஊரில் இருந்தவர்தான். ஓய்வு பெற்ற தபால்காரர், கஞ்சத்தனமாகப் பேசுகிறவர். வேலையில்லாமல் ஸ்விட்சைத் தொடமாட்டார்.

ஏரியல் மேற்கே இருந்தவரை வடக்கு அதன் செவிட்டுப் பக்கத்தில் இருந்தது. வடக்கே திருப்பினால் அம்மா அந்தச் செவிட்டுப் பக்கத்துக்குப் போவாள். அப்போதுதான் அவள் குரல் வழிவிட்டு அவர் பேசுவது புரியும். மாடியிலேயே கிடந்த பழைய கம்பியை மாட்டிப் பார்த்தேன். இரண்டும் சேர்ந்து கூழாகக் கேட்டன. மறுபடி புதியதை மாட்டினேன்.

அதிகாரி திரும்பி வந்திருந்தார். "என்ன அந்தச் சத்தம்?" என்று கேட்டார். சொன்னேன். அவர் படிப்பக்கம் போய் நின்றுகொண்டார். என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

யாராவது எனக்கு உத்தரவு போட மாட்டார்களா என்று அன்று இருந்தது. உத்தரவு வந்திருந்தால் பிறகு அவரைத் திட்டிக்கொண்டு வாழ்நாளைக் கழித்திருக்கலாம். நீ கேட்டுக்கொண்டிரு என்று என்னிடம் ஒருவன் ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறான். ஆனால் நான் கேட்டுக்கொண்டிருப்பதால் அந்தக் கிழவிக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. என்னால் அவளுக்கு ஒரு படகையோ ஒரு வார்த்தையையோ அனுப்ப முடியாது. வடக்கே இருப்பவருக்கு ஒருவேளை முடியும். இது கணக்கு. கணக்கு சரியாகத்தான் இருந்தது. வாய்தான் வரவில்லை.

படிக்கட்டைப் பார்த்து, "வடக்கே திருப்பு" என்றேன்.

"அந்த அம்மா பேசிண்டிருக்காளே" என்றாள் மனைவி.

"தெரியும். திருப்பு."

"ஏன்னா, அவா நம்மகிட்டதான் பேசிண்டிருக்கா."

"திருப்புடி" என்று கத்தினேன். அதுவரை அவளை அப்படி நான் அழைத்ததில்லை.

அவள் மெதுவாகத் திருப்பினாள். வேகமாகத் திருப்பியிருக்கலாம். அம்மா ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், தோப்பைத் தாண்டியதும் தெரியவில்லை, இரு, பார்த்துச் சொல்கிறேன் என்று. குரல் தேய்ந்தது, மழைச் சத்தம் தேய்ந்தது, விசில் தடித்து உடைந்தது, அதற்குள்ளிருந்து வடக்கே இருந்த தபால்காரரின் குரல் வெளியே வந்தது.

அவர் இருந்த ஊருக்குக் கீழே ஆற்றங்கரை விரிசல் விட்டிருந்தது. கரைக்கும் ரயில் பாதைக்கும் நடுவே பள்ளத்தில் குடிசைகள் நெடுக இருந்தன. அவர் பக்கம் டெலிபோன் இல்லை. அந்தக் குடிசைகளுக்கு அருகே ரயில்வே ஸ்டேஷனில் டெலிபோன் இருக்கிறது, கல்கத்தாவிலிருந்து யாராவது பேசுங்கள், பாதை மேட்டுக்கு எல்லாரையும் ஏற்றச் சொல்லுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அதிகாரி அந்த வயதில் படிகளை எப்படி இறங்கினார் என்று தெரியவில்லை. ஸ்டேஷன்காரர்கள் தகரத்தைத் தட்டி ஊரை எழுப்பி எல்லாரையும் மேட்டில் ஏற்றினார்கள். பிற்பகலில் கரை உடைந்தது. குடிசை ஒன்றுகூட மிஞ்சவில்லை.

தபால்காரர் முடித்த உடனே மேற்கே திருப்பச் சொன்னேன். சொல்வதற்கு முன்பே அவள் திருப்பிக்கொண்டிருந்தாள். குரல் ஓங்கும் இடத்துக்கு வந்தோம். தாண்டிப் போனோம், திரும்பி வந்தோம். வெறும் இரைச்சல். அந்தப் பக்கம் ஸ்விட்ச் திறந்திருந்தால் யாரும் பேசாவிட்டாலும் இரைச்சல் அடங்கும், அந்த அமைதிகூட இல்லை. பேட்டரி தீர்ந்திருக்கலாம் என்று அதிகாரியிடம் சொன்னேன். மறுநாள் வரை அந்தப் பக்கத்தை அவ்வப்போது திருப்பிக் கேட்டோம். பள்ளிக்கூடத்துக்குப் படகு போய்ச் சேர்ந்ததாகவும், கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீரில் இருந்ததாகவும், மாடியில் இருந்தவர்களை ஏற்றிக்கொண்டு வந்ததாகவும் டெலிபோனில் சேதி வந்தது.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ஏரியலை ஒரு பக்கம் திருப்பும்போது அது இன்னொரு பக்கத்துக்கு முதுகைக் காட்டுகிறது. யாருக்கு முதுகைக் காட்டுகிறோம் என்று ஒவ்வொரு தடவையும் பெயர் சொல்லித் தெரிந்துகொண்டு திருப்புங்கள். அப்படியும் திருப்பத்தான் வேண்டியிருக்கும். தெரியாமல் திருப்புகிறவன் நன்றாகத் தூங்குவான், ஆனால் இந்த வேலைக்கு அவன் லாயக்கில்லை.

அந்த வருஷமும் பூஜை நடந்தது. நனைந்த மூங்கிலை வைத்தே பந்தல் போட்டார்கள். பூஜை முடிந்து, ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்ப் பெரியவர்கள் காலைத் தொட்டு இனிப்புச் சாப்பிடும் நாட்களில், நிர்மல் வந்தான். தலை மழித்திருந்தது. அப்பாவைக் கரைமேட்டில் சேர்த்துவிட்டான். திரும்பிப் போனபோது தெப்பத்தை எங்கே நிறுத்துவது என்று அவனுக்குத் தெரியவில்லை. வீடு இருந்த இடம் தெரியவில்லை, அம்மாவும் இல்லை. இதெல்லாம் எங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. 

"ஸ்கூல் விஷயத்துல நீங்க பண்ணினது சரிதான் தாதா" என்று மட்டும் வந்ததும் சொன்னான். என் மனைவி காப்பி கொண்டுவந்தாள். இனிப்புத் தட்டை வைக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்டான்.

எல்லாவற்றையும் சொன்னேன். பொரி நனைந்தது, மூங்கில் தோப்பு, குழந்தைகள் எத்தனை என்று கேட்டது. ஒன்றையும் அழகுபடுத்தவில்லை. அவன் தலையைக் குனிந்தபடி கேட்டான்.

"அப்புறம்?"

"அப்புறம் வடக்கேயிருந்து கூப்பிட்டாங்க. நான் ஏரியலைத் திருப்பிட்டேன்."

அவன் நிமிர்ந்தான். எங்களைப் போன்றவன்தானே, விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஏன் திருப்பினேன், திருப்பினால் யார் மறைந்துபோவார்கள், யார் திறந்து வைத்த ஸ்விட்ச் அதற்குக் காரணம் என்பதெல்லாம் அவன் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போனது.

"வடக்க இருந்தவங்க பிழைச்சாங்களா?"

"பிழைச்சாங்க."

"எல்லாருமா?"

"எல்லாரும்னுதான் சொன்னாங்க."

தலையை ஆட்டினான். காப்பியை எடுத்தான், குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தான்.

"நீங்க கேக்கறதை நிறுத்திட்டீங்கன்னு அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்காது, இல்லையா?"

"தெரிஞ்சிருக்காது நிர்மல். அவங்களுக்குத்தான் நம்ம பக்கம் எதுவுமே கேக்காதே."

"அப்படின்னா பேசிக்கிட்டேதான் இருந்திருப்பாங்க" என்றான்.